சிபியு என்று நாம் அழைக்கும் டப்பா

1

நம்மூரில் அந்தப் பெட்டிக்கு உருப்படியான ஒரு பெயர்கூடக் கிடையாது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், அப்புறம் ‘சிபியு’. தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சில்லின் பெயரை, மேஜைக்கடியில் கிடக்கும் எட்டுக் கிலோ டப்பாவுக்குச் சூட்டிவிட்டோம். கடைக்காரர்கள் ‘கேபினட்’ என்பார்கள். சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்யும் நம் தலைமுறைக்கு அந்தச் சொல்லின் பொருள் ஒன்றுதான்: மிச்சம் பிடிக்க வேண்டிய இடம்.

யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். பிராசஸருக்கு இவ்வளவு, கிராபிக்ஸ் கார்டுக்கு இவ்வளவு என்று எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருப்பார்கள். கடைசி வரிசையில் கேபினட். மீதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. “வெறும் டப்பாதானே ப்ரோ, ஃப்ரேம் ரேட் ஏறுமா என்ன?” இந்த அறிவுரையைச் சொல்லாத வீடியோவை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நானும் அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். பிறருக்கும் சொன்னேன்.

இது தவறான அறிவுரை என்பதே என் தரப்பு. அதேசமயம் இன்னொரு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. விலையுயர்ந்த அலுமினியப் பெட்டி வாங்கிவிட்டு, “அலுமினியம்னா சூடே ஆகாது” என்று புல்லரிப்பவர்கள். முதல் கூட்டம் பெட்டியை மதிப்பதில்லை. இரண்டாம் கூட்டம் மதிக்கிறது, ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் பொய்.

இலக்கிய நண்பர் ஒருவர், “ஒரு டப்பாவைப் பற்றி இத்தனை பக்கமா? இது நுகர்வுவெறி” என்றார். அவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போன் மாற்றுகிறவர். எந்தப் போனையும் அவர் திறந்து பார்த்ததில்லை. பொருளைப் பற்றிப் பேசாமலிருப்பது துறவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

2

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து திருவட்டாறுக்கு வந்துசேர்ந்தேன். ஒப்பந்த அடிப்படையில் வேலை, சொந்தக் கணினியில்தான் செய்ய வேண்டும். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கணினி கட்டினேன். அதில் பெட்டிக்கு ஒதுக்கியது 3,000 ரூபாய். முன்னால் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ணவண்ணமாக எரியும் மூன்று ஃபேன்கள். அம்மா பார்த்துவிட்டு, “இது என்ன மக்களே, மீன் தொட்டியா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், அதைவிடத் துல்லியமான தயாரிப்பு விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

மீன் தொட்டியின் வேலை உள்ளே இருப்பதைக் காட்டுவது. கணினிப் பெட்டியின் வேலை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே அனுப்புவது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியை ஒட்டிவிட்டு, ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டால், மூன்று ஃபேன்களும் அந்தச் சந்து வழியாகத்தான் மூச்சு விடவேண்டும். ஏப்ரல் மாதம் ஒரு டெலிவரி நாளில் கணினி மூன்று முறை தானாக அணைந்தது. அந்த வேலை கைவிட்டுப் போனது. நான் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தேன், பவர் சப்ளையைச் சந்தேகித்தேன். டப்பாவைச் சந்தேகிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டியபோது எல்லாம் சரியாக ஓடியது.

அடுத்து மழை. குமரி மாவட்டம் இரண்டு பருவமழையையும் வாங்கும் ஊர். ஜூன் மாதம் துணி காயாது, ஐப்பசியில் சுவர் வியர்க்கும். மலிவுப் பெட்டிகளின் ஸ்டீல் தகடு அரை மில்லிமீட்டர்தான். மேற்பரப்பில் பெயின்ட் இருக்கும். வெட்டிய விளிம்பிலும் ஸ்க்ரூ துளையிலும் பாதுகாப்பு எதுவும் இருக்காது. துரு அங்கேதான் பிறக்கிறது. இரண்டாம் வருடம் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றப் போனால் ஸ்க்ரூ திரும்பவில்லை. பலம் கொடுத்தேன், தகட்டின் மரை கழன்று துருப்பொடி மதர்போர்டின் மேல் உதிர்ந்தது.

கடைசியாக 2022 ஜூலை. எங்கள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 வருடங்களுக்குப் பிறகு கும்பாபிஷேகம். வீடு நிறைய உறவுக்காரர்கள். அறையை ஒழிப்பதற்காகப் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி டைல்ஸ் தரையில் சாய்த்து வைத்தேன். வைத்ததுதான் தாமதம், பட்டாசு மாதிரி ஒரு சத்தம். முழுக் கண்ணாடியும் ஜல்லியாகிவிட்டது. டெம்பர் செய்த கண்ணாடி நடுவில் அடித்தால் தாங்கும். அதன் மூலை டைல்ஸ் போன்ற கடினமான பரப்பில் லேசாகத் தட்டினாலும் உள்ளே அடக்கி வைத்திருக்கும் இழுவிசை மொத்தமாக வெளியேறும். பொறியியல் படித்தவன் நான், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டு வெறுங்காலோடு ஓடிவந்தது அம்மா. உள்ளங்காலில் இரண்டு சில்லுகள்.

நானூறு வருடம் நின்ற ஒற்றைக்கல் மண்டபத்தைப் பார்க்க ஊரே போய்க்கொண்டிருந்த நாளில், இரண்டு வருடம் தாங்காத என் டப்பாவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கமில்லாத பெட்டியை அதன்பின் மூன்று மாதம் ஓட்டினேன். எறும்பு வந்தது. ஒரு பல்லி பவர் சப்ளைக்கு மேல் குடியிருந்தது, அந்த இளம்சூட்டுக்காக. நம்மூர்ப் பல்லி உள்ளே போகுமா போகாதா என்று எந்த விமர்சகரும் சோதித்துச் சொல்வதில்லை.

3

அலுமினியத்தை நான் யோசிக்கத் தொடங்கியது எந்த விளம்பரத்தாலும் அல்ல. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ரப்பர் பால் உறையவைக்கும் தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. அலுமினியம். அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கியவை. தினமும் பால், தண்ணீர், ஆசிட், மழை. நசுங்கியிருக்கின்றன, நிறம் மங்கியிருக்கின்றன, இரண்டில் சின்னச்சின்னக் குழிகள் விழுந்திருக்கின்றன. ஒன்றுகூட மக்கிப் போகவில்லை. ஷீட்டில் கறை ஏற்றவும் இல்லை. இரும்புத் தட்டில் ரப்பர் பால் ஊற்றுகிறவரை எங்கள் பக்கம் பார்க்க முடியாது. ஏன் என்று யாரும் விளக்கவும் மாட்டார்கள், அவ்வளவு சாதாரணமான அறிவு அது.

காரணம் எளிது. இரும்பின் துரு பொரிப்பொரியாக உதிரும், உதிர்ந்த இடத்தில் அடுத்த அடுக்கு துருப்பிடிக்கும். அலுமினியமும் காற்றுபட்டதும் ஆக்சிஜனோடு சேர்கிறது. ஆனால் உண்டாகும் படலம் மெல்லியது, உறுதியானது, கீழே உள்ள உலோகத்தை மூடிக் காக்கிறது. வெட்டினால், வெட்டிய இடத்திலும் உடனே அந்தத் தோல் வளர்ந்துவிடும். ஆனோடைஸ் செய்வது என்பது இந்தத் தோலை மின்சாரத்தின் உதவியோடு தடிமனாக வளர்த்தெடுப்பதுதான்.

பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய லியன் லீ பெட்டி ஒன்றை 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். லியன் லீ 1983இல் தொடங்கிய தைவான் நிறுவனம், ஒரு காலத்தில் அலுமினியப் பெட்டி என்றாலே அவர்கள்தான். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் இளைஞர்களுக்கு 2018இல் வந்த ஓ11 டைனமிக்கும் அதன் கண்ணாடிச் சுவர்களும்தான் ஞாபகம் வரும். சந்தை கண்ணாடி கேட்டது, அவர்களும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய காலத்துப் பெட்டி. சீப்பால் வாரியதுபோன்ற நேர்கோட்டு மெருகு, பட்டையாக மடித்த விளிம்பு, எங்கும் கையைக் கிழிக்காது. ஆனால் முன்பக்கத்தில் சிடி டிரைவுக்கான குழிகள், 80 மில்லிமீட்டர் ஃபேன் துளைகள், நடுவில் ஹார்ட் டிஸ்க் கூண்டு. இன்றைய கிராபிக்ஸ் கார்டு உள்ளே நுழையாது.

மார்த்தாண்டத்தில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார்.

“இது நம்ம சாதனம்தானே தம்பி. இரும்புண்ணா நான் தொடமாட்டேன், கேட்டியளா. வெட்டுன இடம் அடுத்த மழைக்குத் துருப்பிடிக்கும். பிறவு என்னையல்லா சொல்லுவிய. இது வெட்டுனா வெட்டுனபடியே கெடக்கும்.”

மதர்போர்டு, வயர் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன். அலுமினியத் தூள் மின்சாரம் கடத்தும், போர்டில் ஒட்டினால் கதை முடிந்தது. ரிவெட்டுகளைத் துளைத்து ஹார்ட் டிஸ்க் கூண்டை எடுத்தார். முன்பக்கத்தில் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு வட்டம் வெட்டினார். பழைய யுஎஸ்பி இருந்த பட்டையை எடுத்துவிட்டு, மிச்சம் கிடந்த தகட்டில் புதிதாக ஒன்று செய்து ரிவெட் அடித்தார். கொசுவலைக் கம்பியைச் சட்டத்தில் இழுத்து முன்னால் மாட்டினார். பல்லி பிரச்சினை தீர்ந்தது. ஒரு மதியம். 700 ரூபாய்.

என் வாதத்தின் மையம் இந்த மதியம்தான். அலுமினியத்தின் சிறப்பு அது பளபளப்பதிலோ ஆப்பிள் நிறுவனம் 2003இல் பவர் மேக் ஜி5க்கு அதைத் தேர்ந்தெடுத்ததிலோ இல்லை. நம்மூர் ஜன்னல் கடைக்காரருக்கு அதை வெட்டவும் வளைக்கவும் ஒட்டவும் தெரியும். தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகரத்திலும் அந்தக் கடை இருக்கிறது. வெட்டியபின் அந்தப் பொருள் கெட்டுப்போவதில்லை. கண்ணாடியை வெட்ட முடியாது, டெம்பர் செய்தபின் துளைபோட்டால் நொறுங்கும். பெயின்ட் அடித்த மெல்லிய ஸ்டீலை வெட்டலாம், வெட்டிய கணத்திலிருந்து அது சாகத் தொடங்கும்.

4

இப்போது இரண்டாம் கூட்டத்திடம் வருகிறேன்.

“அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் கணினி குளிர்ச்சியாக இருக்கும்.” முதல் பாதி உண்மை. ஸ்டீலைவிட ஏறக்குறைய நாலு மடங்கு நன்றாகக் கடத்தும். இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. பிராசஸரின் சூடு கூலருக்குப் போகிறது, கூலரிலிருந்து காற்றுக்குப் போகிறது, காற்றை ஃபேன் வெளியே தள்ளுகிறது. இந்தப் பாதையில் பெட்டியின் சுவர் எங்கே வருகிறது? பிராசஸருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் காற்றுதான் இருக்கிறது, காற்று மகா மோசமான கடத்தி. காற்றோட்டம் நன்றாக உள்ள ஸ்டீல் பெட்டி, காற்றோட்டம் இல்லாத அலுமினியப் பெட்டியை எந்த நாளும் தோற்கடிக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஸ்ட்ரீகாம் போன்றவர்கள் செய்யும் ஃபேனில்லாப் பெட்டிகள். அங்கே வெப்பக்குழாய்கள் பிராசஸரையும் சுவரையும் நேரடியாக இணைக்கின்றன, பெட்டியே கூலர். அப்படி இணைப்பு இல்லாவிட்டால் குளிர்ச்சிக் கதையை நம்பாதீர்கள்.

“அலுமினியம் உறுதியானது.” அதே தடிமனில் ஸ்டீலைவிட மூன்று மடங்கு எளிதாக வளையும். அதனால் நல்ல தயாரிப்பாளர் தகட்டைத் தடிமனாக்குவார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலுமினியத் தகட்டில் செய்த பெரிய பெட்டி தகர டின்னைப்போல அதிரும், ஃபேன் சத்தத்தைப் பெருக்கும். எடை மூன்றில் ஒரு பங்கு என்று விளம்பரம் செய்து, தடிமனையும் குறைத்து விற்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

“அலுமினியப் பெட்டி ஷாக் அடிக்கும்.” இது எதிர்த்தரப்பின் பொய். தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதென்றால் குற்றவாளி உங்கள் வீட்டு எர்த். பவர் சப்ளையின் வடிகட்டியில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் மிக நுண்ணிய மின்னோட்டத்தைப் பெட்டியின் உலோகத்துக்குக் கசியவிடும். அது எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் பெட்டி ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். ஸ்டீலில் பெயின்ட் அதை மறைக்கிறது. ஆனோடைஸ் பூச்சும் மின்கடத்தாதுதான், ஆனால் ஸ்க்ரூ தலையிலும் வெட்டிய விளிம்பிலும் விரல் பட்டால் தெரிந்துவிடும். தெரிவது நல்லது. ஐப்பசி இடிமின்னலில் உங்களுக்கும் கணினிக்கும் தேவைப்படப்போகிற எர்த் அது. நான் அப்படித் தெரிந்துகொண்டுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வீட்டு எர்த் கம்பி எங்கேயோ அறுந்து பல காலம் ஆகியிருந்தது. நானும் அம்மாவும் வாஷிங் மெஷினும் அதை அறியாமலே இருந்திருக்கிறோம்.

5

அப்படியென்றால் எல்லோரும் அலுமினியப் பெட்டி வாங்க வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் என்னோடு ஒத்துவந்தவர்களும் கோபப்படுவார்கள்.

அலுமினியம் லேசான உலோகம், அதை உண்டாக்குவது லேசான காரியமல்ல. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க, உருக்குலையில் மட்டும் ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் போகிறது. ஐந்து கிலோ பெட்டிக்கு 70 யூனிட். இரண்டு மாதத்துக்கு நம் வீட்டுக்கு அரசு 2016 முதல் இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், ஒரு டப்பாவின் மூலப்பொருளுக்கு. எடைக்கு எடை பார்த்தால் ஸ்டீலைவிடப் பல மடங்கு.

இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதுமல்ல. 1943இல் ஆலுவா பக்கம் அலுபுரத்தில் இந்தியன் அலுமினியம் நிறுவனம் உருக்காலை தொடங்கியபோது அது திருவிதாங்கூர். எங்கள் திருவட்டாறும் அன்று அதே திருவிதாங்கூர்தான். பள்ளிவாசல் நீர்மின்சாரம் இருந்ததால்தான் ஆலை அங்கே வந்தது. பிறகு மேட்டூரில் மால்கோ வந்தது. அதற்கு பாக்சைட் கொடுத்தவை சேர்வராயன் மலையும் கொல்லிமலையும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாக்சைட் தோண்ட வேண்டும், காரம் கலந்த சிவப்புச் சேறு மிஞ்சும். ஒடிசாவின் நியம்கிரியில் இதே பாக்சைட்டுக்காகத் தங்கள் மலையைத் தரமாட்டோம் என்று 2013இல் 12 கிராமசபைகள் ஒன்றுவிடாமல் சொல்லின. உச்சநீதிமன்றம் அவர்களைக் கேட்கச் சொன்னது, அவர்கள் பதில் சொன்னார்கள்.

எனவே மூன்று வருடத்தில் மாற்றப்போகிறவர் அலுமினியப் பெட்டி வாங்குவது, ஸ்டீல் டப்பா வாங்குவதைவிடப் பெரிய அநியாயம். மேஜைமேல் அழகாக இருக்கிறது என்று வாங்கி, அடுத்த வருடம் இன்னும் சின்னதாக ஒன்று வந்ததும் விற்றுவிட்டு அதை வாங்கும் ‘மினிமலிஸ்ட்’ நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களின் மேஜை சுத்தமாக இருக்கிறது, மலையில்தான் குழி.

ஆனால் இருபது வருடம் வைத்திருப்பேன் என்று முடிவுசெய்தால் கணக்கு தலைகீழாகிறது. அது சாத்தியம் என்பதற்கு உத்தரவாதம் ஏற்கனவே இருக்கிறது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டின் ஸ்க்ரூ துளைகள் எங்கே, பின்பக்கத் திறப்பு எவ்வளவு, பவர் சப்ளை எங்கே உட்காரும். அதன்பின் பிராசஸர் சாக்கெட் எத்தனையோ முறை மாறிவிட்டது, ரேம் டிடிஆர்5 வரை வந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் மெல்லிய சில்லாகிவிட்டது. துளைகள் இருக்கும் இடம் மாறவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய பெட்டியில் நேற்று வாங்கிய போர்டை மாட்டினேன், நிமிர்ந்து உட்கார்ந்தது. கணினியில் காலாவதியாகாத உறுப்பு பெட்டி ஒன்றுதான். அதில்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

6

இனி நேரடியாக. உங்கள் பட்ஜெட் 40,000 ரூபாய் என்றால் அலுமினியத்தை மறந்துவிடுங்கள். முன்பக்கம் முழுக்க வலைபோட்ட, 0.7 மில்லிமீட்டருக்குக் குறையாத ஸ்டீல் பெட்டி வாங்குங்கள். வெட்டிய விளிம்புகளிலும் துளைகளிலும் தெளிவான நெயில் பாலிஷ் தடவுங்கள். சிரிக்காதீர்கள், துருவை அது சில வருடம் தள்ளிப்போடும்.

அதற்கு மேல் செலவழிக்க முடிந்தால், முதலில் பழைய பெட்டி தேடுங்கள். மலை ஏற்கனவே தோண்டப்பட்டுவிட்டது. புதிது வாங்கினால் ‘அலுமினியம்’ என்ற சொல்லை நம்பாமல், எந்தெந்தத் தகடு என்று கேளுங்கள். முன்முகம் மட்டும் அலுமினியம், எலும்புக்கூடு மெல்லிய ஸ்டீல் என்பது வழக்கமான தந்திரம். ஏடிஎக்ஸ் போன்ற பொது அளவா, நிறுவனத்தின் சொந்த அளவா என்று பாருங்கள். சொந்த அளவு என்றால் அந்த நிறுவனத்தின் ஆயுள்தான் பெட்டியின் ஆயுள். மதர்போர்டைத் தாங்கும் குமிழ்கள் பித்தளையா, ஸ்டீலா என்று பாருங்கள். அலுமினியத்தில் நேரடியாக மரை வெட்டியிருந்தால் நாலு முறை கழற்றி மாட்டுவதற்குள் தேய்ந்துவிடும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றி, வருடத்துக்கு ஒருமுறை துடையுங்கள். உப்புக்காற்றில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். கண்ணாடி உள்ளதை வாங்கியே தீருவேன் என்றால், கழற்றும்போது பாயில் வையுங்கள்.

அண்ணன் வேலை முடித்த அன்று, வெட்டி எடுத்த வட்டங்களையும் கூண்டையும் ஞாபகத்துக்காகக் கேட்டேன். தரவில்லை. “இது வெயிட்டுக்குப் போவும் தம்பி” என்று மூலையிலிருந்த சாக்கில் போட்டார். மறுபடி உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்பது நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் அதைக் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று அறிந்திருந்தார்.

பழைய மீன் தொட்டியை அப்போதே ஆக்கர் கடையில் கொடுத்தேன். தராசில் ஏற்றுவதற்கு முன் கடைக்காரர் ஃபேன்களையும் பிளாஸ்டிக்கையும் பிய்த்து எறிந்தார். “இதுல என்ன இருக்கு, தகரம்” என்றார். ஐம்பது ரூபாய் கிடைத்தது. அம்மாவின் காலுக்கு வாங்கிய மருந்துக்குக்கூடக் காணாது.